நாலா எட்டா

காசிமேட்டில் ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடி.
கீழே பாளம் நொறுங்கும்போதெல்லாம்
என் திரையில் வங்காள எழுத்து ஒருமுறை நடுங்கும்.
மாடலுக்கு அந்தச் சத்தம் தெரியாது.
அதற்குத் தெரிந்தது கறுப்பு, வெள்ளை,
நடுவில் இருநூற்று ஐம்பத்து நாலு விதச் சாம்பல்.

சாம்பல் என்றதும் சொல்ல வேண்டும்:
நோட்டுகள் அத்திப்பட்டிலிருந்து வந்தவை,
தகரக் கொட்டகையில் பாயின் தலைமாட்டில் கிடந்தவை.
புகைபோக்கி தும்மிய தூசு பக்கத்துக்குப் பக்கம்.
வங்காளத்தில் ப-வின் அடியில் ஒரு புள்ளி வைத்தால்
அது ர.
நம் புள்ளி எழுத்தின் வாயைத்தான் மூடும்,
அங்கே ஆளையே மாற்றிவிடும்.
காற்று வந்து உட்கார்ந்து
'பாப்' என்றிருந்ததைப் 'பார்' ஆக்கிவிட்டுப் போகிறது.
மனசை எழுதியவன் சுமையை எழுதியவன் ஆகிறான்.

தூசைத் துடைக்க ஏழு வரி நிரல் எழுதினேன்.
அது நிஜப் புள்ளிகளையும் சேர்த்துத் துடைத்தது.
சுமையெல்லாம் மனசாகி
மூட்டைக் கணக்கு முழுக்கக் காதல் கடிதம்.
டெல்பின் சிரித்ததில் கீபோர்டெல்லாம் டீ.

அதைச் சரிசெய்தோம். எண்தான் சரியாகவில்லை.

வங்காளத்து நாலு நம் கண்ணுக்கு எட்டு,
இடுப்பு சிறுத்த அதே இரட்டை வளையம்.
நிர்மல் பர்மன் வாங்கிய முன்பணம் நானூறு.
கணக்குப்பிள்ளை பிடித்தது எண்ணூறு.
"உன் கையெழுத்துதானே, நீயே பாரு" என்று
அவன் நோட்டையே அவனுக்கு எதிராகத் திறந்து காட்டினாராம்.
எண்ணூரில் எல்லாமே எண்ணூறு போல, என்றாள் டெல்பின்.
இந்த முறை சிரிக்கவில்லை.

ஆறாயிரம் நாலுகளை வெட்டியெடுத்து
ஒவ்வொன்றின் கழுத்திலும் பெயர் கட்டினோம்.
மாடல் கற்றுக்கொண்டது.
சங்கத்துக்காரர்கள் அச்சிட்ட தாளோடு போனார்கள்.
நிர்மலுக்கு நானூறு திரும்பி வந்தது,
எங்களுக்கு ஒரு கிலோ இறால், உரித்தே.

அடுத்த வாரம் ஷோஃபிகுல் படியேறி வந்தான்.
மணலியில் பதினோரு வருஷம்.
பேரமும் வசவும் தமிழில்,
எழுதுவது மட்டும் இன்னும் வங்காளம்,
ஆனால் எண்கள் எப்போதோ இந்த ஊர் எண்களாகிவிட்டன.
அவனுடைய எட்டு எட்டுதான்.
மாதம் எட்டு ராத்திரி ஓவர்டைம்.
எங்கள் மாடல் நாலு என்றது,
தொண்ணூற்றொன்பது சதவீத நிச்சயத்தோடு.
"அண்ணே, உங்க கம்ப்யூட்டர்
என்னை இன்னும் ஊர்லயே வச்சிருக்குது."

அவனுடைய நாலு ராத்திரிகளை
யார் தின்றது என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மறுபடியும் முதலிலிருந்து.
ஒற்றை எழுத்தை வெட்டியெடுத்துப் பார்க்காதே என்று
மாடலுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.
அவன் ஐந்தைப் பார், ஏழைப் பார்,
பக்கம் முழுக்க அவன் எப்படி இருக்கிறான் என்று பார்,
பிறகு எட்டுக்கு வா.
அதிலும் பிடிபடவில்லை என்றால்
வாய்க்கு வந்ததைச் சொல்லாதே,
ஒரு மஞ்சள் கட்டம் போட்டுவிட்டு நில்.

நேற்று முதல் மஞ்சள் கட்டம்.
நிர்மலின் புது நோட்டு, பன்னிரண்டாம் பக்கம்.
அவனுடைய ஐந்து நம்மூர் ஐந்தாகியிருக்கிறது,
ஏழு இன்னும் ஊரிலேயே இருக்கிறது,
நடுவில் அந்த இரட்டை வளையம்.

போன் போட்டேன்.
திருவொற்றியூர் ரோட்டில் கன்டெய்னர் வரிசை,
எங்கும் ஹாரன்.
நிர்மல், பன்னிரண்டாம் பக்கம், எத்தனை மூட்டை?
"சார்!" என்றான்.
வங்காளத்தில் நாலுக்கும் சார் என்றுதான் பேர்.
கேட்கிறதா, எத்தனை என்றேன்.
"சார், சார்!" என்று கத்தினான்,
லாரி ஒன்று எங்கள் இருவருக்கும் நடுவில்
மெதுவாகப் பின்னால் வந்தது.